சிறையை உள்ளிருந்து அறிந்தவர்: வி.ஆர். கிருஷ்ணய்யரின் அரசியலும் தீர்ப்பும்

1973 ஜூலை 17 அன்று இரண்டு பேர் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாகப் பதவியேற்றார்கள். ஒருவர் பி.என். பகவதி, மற்றவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். இரண்டாவது பெயருக்கு வழக்கறிஞர்களிடையே கடும் எதிர்ப்பு இருந்தது. பம்பாயின் முன்னணி வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். தேர்தலில் நின்றவர், கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் பதவி வகித்தவர், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் எப்படி நடுநிலையோடு இருப்பார் என்பது அவர்கள் கேள்வி. எதிர்த்தவர்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். தாம் அன்று எடுத்த நிலை தவறானது என்று அவர் பின்னாளில் மனம் திறந்து சொன்னார்.

அந்த எதிர்ப்பு காரணமில்லாமல் எழுந்ததன்று. அதே ஆண்டு ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பு வந்தது. அதையடுத்து, அதில் அரசுக்கு எதிராக நின்ற மூத்த நீதிபதிகளான ஷெலாட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா காந்தியின் அரசு. மூவரும் பதவி விலகினார்கள். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் கொள்ள வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அந்த முடிவுக்காக வாதாடியவர் மோகன் குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர், முன்னாள் கம்யூனிஸ்ட். இந்தச் சூழலில் இன்னொரு இடதுசாரி உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைகிறார் என்றால், அரசு தனக்கு வேண்டியவரைக் கொண்டுவருகிறது என்று நினைப்பது இயல்பே. அந்த அச்சம் கொள்கையளவில் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த மனிதரின் விஷயத்தில் அது பொய்த்துப்போனது. பொய்த்ததற்கான காரணத்தை அவருடைய அரசியல் வாழ்க்கைக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டுத் தமிழ் பிராமணக் குடும்பத்தில் வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். அரசுப் பதிவேட்டின்படி 1915 நவம்பர் 15. தந்தை ராமய்யர் மலபாரில் பெயர்பெற்ற வழக்கறிஞர். மகன் தலச்சேரியில் பள்ளியும், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மேற்படிப்பும், சென்னை சட்டக் கல்லூரியில் சட்டமும் முடித்தார். 1930களின் இறுதியில் தலச்சேரியில் தொழில் தொடங்கினார். அன்றைய மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். நிலம் ஜன்மிகள் என்ற நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. குத்தகை விவசாயிகளும் பீடி, நெசவுத் தொழிலாளர்களும் சங்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் போடப்பட்ட வழக்குகள் இளம் வழக்கறிஞரின் மேசைக்கு வந்தன.

1948-இல் கம்யூனிஸ்ட் கட்சியின்மீது அடக்குமுறை உச்சத்தில் இருந்தது. விசாரணை என்ற பெயரில் போலீசார் செய்த சித்திரவதையைக் கிருஷ்ணய்யர் கண்டித்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றம்சாட்டி அவரையே சிறையில் அடைத்தார்கள். ஒரு மாதம் உள்ளே இருந்தார். நீண்ட வாழ்க்கையில் ஒரு மாதம் சிறிது. ஆனால் தட்டில் விழுந்த சோறு, பூட்டின் ஓசை, வார்டரின் குரல், வெளியுலகத்துக்கு ஒரு சேதி அனுப்ப முடியாத தவிப்பு ஆகியவற்றைக் கைதியாக இருந்து தெரிந்துகொண்டவர்கள் உச்ச நீதிமன்றத்தில் எத்தனை பேர் அமர்ந்திருப்பார்கள்?

1952 பொதுத்தேர்தலில் கூத்துபரம்பு தொகுதியில் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். மொழிவழி மாநிலம் பிறந்தபின் 1957-இல் தலச்சேரியிலிருந்து, கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவோடு, மீண்டும் சுயேச்சையாகவே கேரளச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம், சமூகநலம் எனப் பல துறைகள் அவரிடம் வந்தன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகச் சென்னை அரசோடு பேச்சு நடந்ததும் அந்தக் காலத்தில்தான். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்கு அவரோடு இப்படியும் ஒரு தொடர்பு உண்டு.

அந்த அமைச்சரவை இருபத்தெட்டு மாதங்களும் கொந்தளிப்பில்தான் இருந்தது. குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை, நிலச்சீர்திருத்த மசோதா, கல்வி மசோதா என்று அடுத்தடுத்து வந்தன. கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். சட்ட அமைச்சராக அந்த விவகாரத்தைக் கையாண்டவர் பிற்காலத்தில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். சிறைத்துறையில் அவர் காட்டிய அக்கறை தனியாகச் சொல்ல வேண்டியது. கைதிகளின் நிலையை மாற்றும் சீர்திருத்தங்களைத் தொடங்கினார். கேரளச் சிறை விதிகள் 1958-இல் வந்தன. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி என்ற சிந்தனையையும் அரசு வேலையாக அப்போதே பேசத் தொடங்கியிருந்தார்.

1959 ஜூலை 31. அரசுக்கு எதிரான ‘விமோசன சமரம்’ என்ற போராட்டம் உச்சத்துக்குப் போனபின், ஆளுநரின் அறிக்கையை வைத்து, அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்கீழ் பெரும்பான்மை பலம் கொண்ட அந்த அமைச்சரவையை மத்திய அரசு கலைத்தது. கிருஷ்ணய்யர் பதவியை இழந்து வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார். ஓர் ஆளுநரின் அறிக்கையால் பதவி போன இந்த அனுபவத்தை, அவருடைய தீர்ப்புகளைப் பற்றிப் பின்னால் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

1965 தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார். அத்தோடு தேர்தல் அரசியல் முடிந்தது. 1968 ஜூலை 2-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1971 முதல் 73 வரை மத்தியச் சட்ட ஆணையத்தின் உறுப்பினர். அந்த ஆண்டுகளில் அவர் தலைமையில் ஒரு நிபுணர் குழு ஏழைகளுக்கான சட்ட உதவி பற்றி விரிவான அறிக்கை கொடுத்தது. 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவுக்கும், இன்று மாவட்டந்தோறும் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களுக்கும் முன்னோடி அந்த அறிக்கை. அவர் எழுதிய தீர்ப்புகள் புகழ்பெற்ற அளவுக்கு இந்த அறிக்கை புகழ்பெறவில்லை. இது குறையாகவே எனக்குப் படுகிறது.

உச்ச நீதிமன்றத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய நடுநிலைக்குச் சோதனை வந்தது. 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்கா, ராய்பரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதியாக இருந்தவர் கிருஷ்ணய்யர். சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் அழைத்து, நேரில் சந்திக்க வரலாமா என்று கேட்டார். மேல்முறையீட்டைப் பற்றி என்றால் என்னைப் பார்க்க வேண்டியதில்லை, பதிவாளரிடம் மனுவைக் கொடுங்கள் என்று பதில் சொல்லிவிட்டார்.

ஜூன் 23 அன்று விசாரணை. பிரதமருக்காக நானி பால்கிவாலா, எதிர்மனுதாரர் ராஜ்நாராயணுக்காகச் சாந்தி பூஷண். நிபந்தனையற்ற முழுத் தடை வேண்டும் என்பது பால்கிவாலாவின் கோரிக்கை. மறுநாள் ஆணை வந்தது. மேல்முறையீடு முடியும்வரை அவர் பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்க முடியாது, உறுப்பினருக்கான சம்பளம் வாங்க முடியாது.

இந்த ஆணையைப் பற்றி இரண்டு வகையான குற்றச்சாட்டு இன்றும் உண்டு. முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்பார் சிலர். தடையே கொடுக்காமல் இருந்திருந்தால் பிரதமர் விலகியிருப்பார், நாடு தப்பியிருக்கும் என்பார் வேறு சிலர். இரண்டுமே நீதிபதியிடம் அரசியல் கணக்குப் போடச் சொல்கின்றன. தேர்தல் வழக்கில் தோற்ற மற்ற உறுப்பினர்களுக்கு மேல்முறையீட்டின்போது வழக்கமாகக் கிடைத்துவந்தது இப்படிப்பட்ட நிபந்தனைத் தடைதான். மனுதாரர் பிரதமர் என்பதற்காக அதை அவர் மாற்றவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தன்னை நியமித்த அரசின் தலைவருக்கு, நாடே கவனித்துக்கொண்டிருந்த வேளையில், சாதாரண உறுப்பினருக்குக் கிடைப்பதை மட்டும் கொடுத்தார். 1973-இல் பம்பாய் வழக்கறிஞர்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அந்தக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று தீர்ப்பளித்த ஐவர் அமர்வில் கிருஷ்ணய்யர் இல்லை. அவரோடு ஒரே நாளில் பதவியேற்ற பகவதி இருந்தார், பெரும்பான்மையோடு சேர்ந்து கையெழுத்திட்டார்.

நெருக்கடி நிலைக்குப் பின்வந்த மூன்று ஆண்டுகள்தான் அவருடைய பணியின் பொற்காலம். அதில் சிறை வழக்குகளை முதலில் வைக்க வேண்டும்.

சுனில் பத்ரா என்பவர் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு திகார் சிறையில் இருந்தார். தண்டனை இன்னும் உறுதிசெய்யப்படவில்லை. ஆனால் சிறை அதிகாரிகள் 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைக் காட்டி அவரைத் தனிமைச் சிறையில் வைத்திருந்தார்கள். கால்விலங்கு பூட்டியதை எதிர்த்து இன்னொரு கைதியான சார்லஸ் சோப்ராஜும் மனுப்போட்டிருந்தார். 1978 ஜனவரியில் தலைமை நீதிபதி பெக், கிருஷ்ணய்யர், தமிழகத்தைச் சேர்ந்த பி.எஸ். கைலாசம் மூவரும் திகார் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தண்டனை இறுதியாகாதவரைத் தனிமையில் அடைக்கச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அதிகாரமில்லை, காலவரையின்றி விலங்கு பூட்டவும் முடியாது என்றது நீதிமன்றம். சிறைக் கதவுக்குள் நுழைந்ததும் அடிப்படை உரிமைகள் கைதியை விட்டு விலகிவிடுவதில்லை என்பதைக் கிருஷ்ணய்யர் தனியாக எழுதிய தீர்ப்பு ஆழமாக நிறுவியது.

கதை அதோடு முடியவில்லை. அதே சுனில் பத்ரா, இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் பணம் கேட்டுக் கொடூரமாகச் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முத்திரைத்தாள் கிடையாது, வழக்கறிஞர் கிடையாது. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, சிறைக்குப் போய் விசாரித்து வர வழக்கறிஞர்களை நியமித்தார் கிருஷ்ணய்யர். 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பு சிறைக்குள் குறைகேட்புப் பெட்டி வைக்கச் சொன்னது, மாவட்ட நீதிபதிகள் அவ்வப்போது சிறைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னது, சிறை விதிகளைக் கைதிகளின் கைக்கு எட்டும்படி வைக்கச் சொன்னது. பெட்டி யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது வரை அதில் யோசிக்கப்பட்டிருக்கிறது. சிறைத்துறைக் கோப்புகளை அமைச்சராகக் கையாண்டவருக்கு, ஒரு நல்ல உத்தரவு எந்த மேசையில் போய்த் தேங்கும் என்று தெரியும். அந்த அறிவு சட்டப் புத்தகத்திலிருந்து கிடைப்பதில்லை.

1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கு கைதி அனுப்பிய ஒரு தந்தியில் தொடங்கியது. நீதிமன்றத்துக்குக் கூட்டிச் செல்லும்போதெல்லாம் கைவிலங்கு பூட்டுகிறார்கள் என்பது புகார். அன்றைய போலீஸ் விதிகள் கைதிகளை ‘மேல் வகுப்பு’, ‘சாதாரண வகுப்பு’ என்று பிரித்து, வசதியும் அந்தஸ்தும் உள்ளவருக்கு விலங்கில்லை, மற்றவருக்கு விலங்கு என்றிருந்தன. கைதி தப்பியோடும் அபாயத்துக்கும் அவன் வீட்டுப் பணத்துக்கும் என்ன தொடர்பு? அந்த வகுப்புப் பிரிவினையைக் கிருஷ்ணய்யர் தள்ளிவிட்டார். தப்பிவிடுவான் என்பதற்குத் தெளிவான காரணம் இருந்தால்தான் விலங்கு, அந்தக் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்றார்.

ஹோஸ்கோட் வழக்கில் கைதிக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலே கைக்கு வந்துசேரவில்லை. மேல்முறையீடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமானது. கைதிக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தருவதும், வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தருவதும் கருணை இல்லை, உரிமை என்று அதில் நிறுவப்பட்டது. மோத்திராம் ஒரு கொத்தனார். அவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழ்நீதிமன்ற மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். சகோதரர் பிணை நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பியனுப்பினார். கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையாக மாற்றினார். நாட்டின் ஒரு மூலையில் வேலைதேடிப் போன ஏழை, தன் ஊரிலுள்ள உறவுக்காரரைப் பிணைக்குக் காட்டினால் ஏற்க முடியாது என்பது இந்தியாவைத் துண்டுபோடுவதாகும் என்ற சீற்றம் அந்தத் தீர்ப்பு முழுவதும் ஓடுகிறது.

வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா வழக்கில், பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும் என்ற விதியை அவர் சாடினார். ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை கட்டப் பணமில்லை என்ற பதிலை ஏற்க மறுத்து, குடிமக்களின் சுகாதாரத்துக்கு நகராட்சி செய்தே ஆக வேண்டிய வேலையைக் காலக்கெடுவோடு விதித்தார். இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சிறிய மத்தியப் பிரதேச நகரத்துச் சாக்கடையிலிருந்தே எழுதப்படுகிறது.

அரசியல்வாதியின் பழக்கம் அவரிடம் குறையாகவும் வெளிப்பட்டது. அவர் சட்டம் இயற்றி வளர்ந்தவர். நீதிபதியான பிறகும் சில வேளைகளில் சட்டமன்றத்தில் இருப்பதுபோலவே எழுதினார். 1979 ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்துக்குத் தொடர்ந்து அபாயமாக இருக்கக்கூடியவருக்கே தூக்கு என்று அவர் வகுத்த எல்லை மனிதநேயம் நிரம்பியது. ஆனால் நாடாளுமன்றம் எழுதாததை நீதிமன்றம் எழுதுவதாகும் என்று உடனிருந்த நீதிபதி ஏ.பி. சென் மறுத்தெழுதியதில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டே பச்சன் சிங் வழக்கில் ஐவர் அமர்வு அந்த எல்லையை ஏற்கவில்லை. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும் தூக்கு என்ற அளவுகோல் அங்கிருந்து வந்தது. 1978 பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், மருத்துவமனையும் பல்கலைக்கழகமும்கூடத் ‘தொழில்’ என்ற சொல்லுக்குள் வரும் என்று அவர் விரித்த பொருள் தொழிலாளர்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. அதைச் சுருக்க 1982-இல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அதை எந்த அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அவருடைய ஆங்கிலத்தையும் சொல்லியாக வேண்டும். அடுக்குமொழியும் உவமையுமாகப் பொங்கிவழியும் அந்த நடையில், எந்த வரி சட்டம், எந்த வரி உணர்ச்சி என்று பிரிப்பது வழக்கறிஞருக்கே கடினம். யாருக்காக எழுதினாரோ அந்தக் கொத்தனாரும் கைதியும் படிக்க முடியாத நடை அது.

அரசியலிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தவர் இவர் மட்டுமல்லர். 1973-இல் தாண்டப்பட்ட மூவரில் ஒருவரான கே.எஸ். ஹெக்டே, 1952 முதல் 57 வரை சென்னை மாகாணத்தின் சார்பில் மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அவரைத் தண்டித்ததும் காங்கிரஸ் அரசுதான். 1977-இல் ஜனதா சார்பில் மக்களவைக்கு வந்து அவைத்தலைவரானார். அஸ்ஸாமின் பஹருல் இஸ்லாம் கதை வேறு. மாநிலங்களவை காங்கிரஸ் உறுப்பினர் பதவியிலிருந்து விலகி 1972-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அங்கே ஓய்வுபெற்ற பிறகு 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார். பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைத் திரும்பப் பெறலாம் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பில் பங்குபெற்றார். ஓய்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, 1983 ஜனவரியில் பதவியைத் துறந்து காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். மூன்று பேருக்கும் கட்சிச் சார்பு இருந்தது. வந்த வழியைப் பார்த்து இவர்களைப் பிரிக்க முடியாது. தம்மை உயர்த்தியவர்கள் எதிரே வந்து நின்றபோது என்ன செய்தார்கள், போகும்போது எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதைப் பார்த்தால் பிரிக்க முடிகிறது. 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, கட்சி அரசியலிலிருந்து வந்த எல்.சி. விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டதை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த நாட்களிலும், கிருஷ்ணய்யரின் பெயர் விவாதத்தில் அடிபட்டது. அவருடைய பெயரை எல்லா நியமனத்துக்கும் அனுமதிச்சீட்டாக நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1948-இலிருந்து 1965 வரை அவர் யார் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று, தமிழகத்தின் ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். வெங்கட்ராமனுக்கு 7,40,148 மதிப்புள்ள வாக்குகள், அவருக்கு 2,81,550. 2002 குஜராத் கலவரத்தை விசாரித்த குடிமக்கள் தீர்ப்பாயத்துக்குத் தலைமை ஏற்றார். 2013-இல் நரேந்திர மோடி பிரதமராக வேண்டும் என்று ஆதரவுக் கடிதமும் எழுதினார். கேரளத்தில் அவர் தலைமையிலான ஆணையம் 2011-இல், மூன்றாவது குழந்தை பெறும் பெற்றோருக்குத் தண்டனை விதிக்கப் பரிந்துரைத்தது. சிறைக்கெதிராக வாழ்நாளெல்லாம் எழுதியவரிடமிருந்து அப்படியொரு பரிந்துரை வந்ததை அவரை மதிப்பவர்கள் மறைக்கக் கூடாது. 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில், நூறாவது வயது நடக்கும்போது காலமானார்.

அவர் பணியின் கடைசி வாரத்தில் எழுதிய ஒரு தீர்ப்பு தமிழகத்துக்கு நேரடியாக வந்து சேர்ந்தது. 1980 நவம்பர் 11, ஓய்வுக்கு மூன்று நாள் முன்பு, மாருராம் வழக்கு. கடுங்குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டு சிறையிலிருந்தே தீர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் செல்லும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உள்ள மன்னிப்பு அதிகாரத்தை அந்தத் திருத்தம் தொடாது, அந்த அதிகாரத்தையும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செலுத்த வேண்டும் என்று எழுதினார். 1974-இல் சம்சேர் சிங் வழக்கிலேயே, ஆளுநர் அமைச்சரவையின் சொல்லைக் கேட்டே நடக்க வேண்டியவர் என்பதைப் பகவதியோடு சேர்ந்து விரிவாக எழுதியிருந்தார். 1959-இல் ஆளுநரின் அறிக்கையால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அமைச்சர் அந்தத் தீர்ப்புகளை எழுதும்போது தம் பழைய அனுபவத்தை மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது பழிதீர்ப்பும் ஆகவில்லை. அமைச்சரவையிடம் பொறுப்பு இருக்க வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் அடிப்படையை அவர் எடுத்துரைத்தார். அது எந்தக் கட்சியின் அமைச்சரவைக்கும் பொருந்தும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளனுக்காகக் குரல் கொடுத்தவர்களில் கிருஷ்ணய்யரும் ஒருவர். 2014 பிப்ரவரியில் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டதைப் பார்த்துவிட்டே இறந்தார். 2018 செப்டம்பர் 9 அன்று விடுதலைக்குத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்து, கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு அது எடுத்துக்காட்டிய தீர்ப்புகளில் மாருராம் வழக்கும் இருந்தது.